சுவரைப் பார்த்து எழுதிய தாள்கள்

முதலில் நான் சந்தேகப்பட்டது என் கையைத்தான். சுவரைச் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும், குடை தொலைந்தாலும் பழி என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் இதையும் நானே தூக்கி என் தலையில் போட்டுக்கொண்டேன்.

என் பெயர் அகஸ்டினா. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலையின் அடிவாரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய பணிய லயத்தில் நான்காவது காம்பரா, அந்த ஓர் அறை, எங்களுடையது. என் கணவர் ஞானசீலன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், லயத்துக்குத் தலைவரும் அவர்தான். மகள் நிஷாலினி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் கொழுந்து பறிக்கிறேன். நடுவில் ஆறு வருடம் சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்தேன். இந்த வம்பை அங்கிருந்துதான் கொண்டுவந்தேன்.

அங்கே நான் வேலை செய்த வீட்டு மேடத்துக்கு எழுபத்தெட்டு வயது. தினமும் காலையில் மேசைக்கு முன்னால் நின்று தூரிகையால் சீன எழுத்து எழுதுவார். மை அரைப்பதும், தூரிகை கழுவுவதும், எழுதிய தாளைக் கொடியில் காயப்போடுவதும் என் வேலை. அவர் எனக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. வேலைக்காரிக்கு யார் சொல்லித் தருவார்கள்? எனக்கு ஒரு சீன எழுத்துக்கூட இன்றுவரை தெரியாது. ஆனால் ஒரே கையை ஆறு வருடம் பார்த்துக்கொண்டு நின்றால், அந்தக் கை எங்கே அழுத்துகிறது, எங்கே மூச்சை அடக்குகிறது என்று மாட்டுக்கும் தெரிந்துவிடும்.

மேடம் எழுதியதெல்லாம் ஒரே ஒருவரைப் பார்த்துத்தான். ஹுவாய்சு என்று பெயர், ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் இருந்த ஒரு புத்த சாமியார். அவருடைய எழுத்து அச்சான மடிப்புப் புத்தகம் மேசையில் எப்போதும் விரிந்திருக்கும். மற்றவர்கள் எழுத்தில் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். இவருடையது கம்பி போல முழுக்க ஒரே கனம். ஒரு எழுத்து முடிந்ததா அடுத்தது தொடங்கியதா என்று தெரியாமல், யாரோ துரத்துகிற மாதிரி ஓடும். ஆனால் எங்கேயும் தடுக்கி விழாது. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

அவர் கதையை மேடத்தின் மகள்தான் இங்கிலீஷில் சொன்னாள். தாள் வாங்க வழியில்லாமல் வாழை நட்டு, இலையில் எழுதிப் பழகியவராம். நன்றாகக் குடிப்பாராம், குடித்தால்தான் கை ஓடுமாம். உங்கள் குரு யார் என்று கேட்டதற்கு, கோடைகாலத்து மேகம் என்றாராம், சுவரில் தானாக விடுகிற வெடிப்பு என்றாராம். அவரைவிட மூத்த, பெரிய உத்தியோகத்தில் இருந்த இன்னொரு எழுத்துக்காரர், கூரை ஒழுகிச் சுவரில் இறங்குகிற தண்ணீரின் தடம் எப்படி என்று கேட்டாராம். சாமியார் எழுந்து ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இதைக் கேட்டு நான் மேடம் வீட்டுச் சமையலறையில் நின்று சிரித்தேன். வெடித்த சுவரும் ஒழுகுகிற கூரையும்தான் குரு என்றால், அந்த மனுஷனுக்கு எங்கள் லயத்தில் ஒரு காம்பரா கொடுத்திருக்கலாம்.

மேடத்துக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி போட வேண்டும். எழுதி முடித்ததும் தாளை மூலத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் தன் கையில்தான் அடித்துக்கொள்வார். மூலம் மாறாது, மாறுவது கைதான் என்பார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது.

ஊருக்கு வரும்போது பழைய தூரிகை இரண்டையும் அந்த மடிப்புப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி வந்தேன். அவர் மற்ற எதையும்விட இதைச் சந்தோஷமாகக் கொடுத்தார். ஹல்துமுல்லையில் பலீல் நானா கடையில் புத்தர் பண்டிகைக்கு வெசாக் விளக்குக் கூடு ஒட்டுகிற வெள்ளை டிசுத் தாள் இருந்தது. வெசாக் முடிந்து மூன்று மாதம் கழித்தும் நான் போய்த் தாள் கேட்டதால், கிறிஸ்தவப் பிள்ளைக்கு எத்தனை கூடு வேண்டும் என்று அவர் கேலி செய்தார்.

சாமியார் எழுத்தைப் பார்த்து எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அர்த்தம் தெரியாத எழுத்து கையில் நிற்க மறுத்தது. அப்போதுதான் பின்பக்கச் சுவரைப் பார்த்தேன். மலையை ஒட்டிய சுவர் அது. ஜன்னலின் கீழ் மூலையில் தொடங்கி ஒரு மெல்லிய வெடிப்பு சரிவாக இறங்கி, முழங்கை மாதிரி ஒரு மடிப்பு மடிந்து, தரைக்கு இரண்டு அடி மேலே நின்றிருந்தது. தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை, கம்பிக் கோடு. சாமியாரின் குரு என் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

செப்டம்பர் மாதம் தொடங்கினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, வெளிச்சம் போவதற்குள் அரை மணி நேரம். சுவருக்கு இரண்டு அடி தள்ளி, ஒரு பலகையில் தாளைக் குத்தி நிறுத்தி, அந்த வெடிப்பை அது இருக்கிற அளவிலேயே பார்த்து எழுதுவேன். பிறகு தாளைச் சுவரில் வைத்துப் பொருத்திப் பார்ப்பேன். பன்னிரண்டாவது நாள் அது மயிரிழை பிசகாமல் பொருந்தியது. இந்தக் கையால் இருபது வருடம் கொழுந்து கிள்ளியிருக்கிறேன், பாத்திரம் தேய்த்திருக்கிறேன். அது அழகாக ஒன்று செய்து அன்றுதான் பார்த்தேன். அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்து, அன்றிலிருந்து எழுதுகிறதையெல்லாம் அதன் மேல் வைத்தே சரிபார்த்தேன்.

ஞானசீலனுக்கு வேடிக்கையாக இருந்தது. சுவரை இடிக்காமல் இருந்தால் சரி என்றார். சாமியார் குடிகாரர் என்று தெரிந்ததிலிருந்து அவர்மேல் தனி மரியாதையும் வந்துவிட்டது.

அக்டோபர் நடுவில், ஒரு நாள் எழுதிய தாள் செப்டம்பர் தாளோடு பொருந்தவில்லை. முழங்கைக்குக் கீழே கோடு ஒரு நெல் அகலம் விலகியிருந்தது. மறுநாள் எழுதினேன், அதே விலகல். நாலு நாள் கழித்து ஒரு விரல் அகலம்.

என் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் நடுக்கு வாதம் வந்தது. வலது கட்டைவிரலில்தான் தொடங்கியது. முதலில் கொழுந்து பறிக்க முடியவில்லை, பிறகு தேத்தண்ணிக் கோப்பை பிடிக்க முடியவில்லை. கடைசி வருடங்களில் சிலுவை அடையாளம் போடப் போனால் கை நெற்றிக்குப் பதிலாகக் காதுக்குப் போகும். அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும். எனக்கு இப்போது நாற்பத்துநாலு.

யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும்போது கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன். கோப்பையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, யாரும் இல்லாத நேரம் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீர் அசைந்தால் நோய் என்று பயம், அசையாவிட்டால் இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பயம். இரவில் நிஷாலினியின் கைமேல் என் கையை வைத்துக்கொண்டு படுப்பேன், நடுங்கினால் அவள் சொல்வாள் என்று.

அந்தப் பயத்தில்தான் அந்தத் திருட்டு வேலையைச் செய்தேன். ஒரு நாள் சுவரைப் பார்க்காமல், செப்டம்பர் தாளின் மேல் புதுத் தாளை வைத்து, கீழே தெரிகிற கோட்டின் மேலேயே தூரிகையை ஓட்டிவிட்டேன். அச்சாகப் பொருந்தியது. அன்றைய தேதியைப் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்படி நாலு தாள் செய்தேன். யாரை ஏமாற்றினேன் என்று கேட்டால், என்னைத்தான்.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. எட்டு நாள் விடவில்லை. வேலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எட்டாம் நாள் காலையில் ஐந்தாவது திருட்டுத் தாளை எழுதிக்கொண்டிருந்தேன். பாதியில் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. நெற்றியைத் தொட முடியாத கை. அந்தக் கையில் ஒரு தூரிகையைக் கொடுத்து, இந்தக் கோட்டின் மேல் ஓட்டு என்றால் ஓடியிருக்குமா? ஓடியிருக்காது. நடுங்குகிற கை பார்த்து எழுதினாலும் நடுங்கும், கோட்டின் மேல் கோடு போட்டாலும் நடுங்கும்.

தாளை மாற்றி மறுபடி ஓட்டினேன். மூன்று தடவை. மூன்றும் மயிரிழை பிசகவில்லை. என் கைக்கு ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் தூரிகையைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கை சரியென்றால் பிறகு எது பிழை?

செப்டம்பர் தாளை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் வைத்தேன். ஜன்னல் பக்கத்துக் கோடு பொருந்தியது. முழங்கைக்குக் கீழே தாளில் இருந்த கோடு ஒரு பக்கம் போனது, சுவரில் இருந்த வெடிப்பு வேறு பக்கம் போனது. கீழ்நுனி என் நாலு விரல் அகலம் இறங்கியிருந்தது. வெடிப்பின் இடது பக்கச் சுவர் வலது பக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றது. நான் தினமும் பார்த்த சுவர்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் கண்ணுக்குத் தெரியவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் மகள் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மலை இருந்தது.

ஞானசீலன் வாசல் இஸ்தோப்பில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கூட்டிவந்து காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆனால் உடனே ஆட்களைக் கிளப்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி மழையில், மண்சரிவு வரலாம் என்று அதிகாரிகள் சொன்னதைக் கேட்டு அவர் பதினாறு குடும்பத்தையும் மேல் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பதினொரு நாள் அங்கே கிடந்தார்கள். மலை அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோழியைக் காணோம், கேஸ் சிலிண்டரைக் காணோம். கடைசிக் காம்பரா ஜொனியின் இரண்டு ஆட்டையும் காணோம். அன்றிலிருந்து தலைவர் என்ற பேச்சே லயத்தில் நக்கலாகிவிட்டது. இன்னொரு தடவை கண்ணால் பார்க்காமல் யாரையும் கிளப்ப மாட்டேன் என்று இவர் மாதா சுரூபத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார்.

அவர் ஆண்களைக் கூப்பிட்டு வந்தார். பெண்களும் வந்துவிட்டார்கள். காம்பரா நிறைய ஆள், ஈரக் கம்பளி வாசம். தாள்களையெல்லாம் தேதி வரிசையில் தரையில் விரித்தார். எனக்கு அப்போதுதான் அந்த நாலு தாளும் ஞாபகம் வந்தது. அவர் கண் அதில்தான் போய் நின்றது.

"இந்த நாலும் செப்டம்பர் மாதிரியே இருக்கே, அகஸ்டி. போன வாரத் தேதி போட்டிருக்கு. அப்ப சுவர் போன வாரம் நல்லாத்தானே இருந்திருக்கு?"

பொய் சொல்லித் தப்பிக்க ஒரு வழியும் தெரியவில்லை. இத்தனை நாள் சேலைக்குள் ஒளித்துவைத்ததை அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அம்மாவின் நோய் வந்துவிட்டதோ என்று பயந்தது, பயத்தில் பழைய தாளைப் பிரதி எடுத்துத் தேதி போட்டது, எல்லாம்.

சொல்லியிருக்கவே கூடாது என்று அடுத்த நொடியே தோன்றியது. பெண்கள் என் வலது கையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், அம்மாவின் கையை அப்படித்தான் பார்த்தார்கள். ஜொனி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அவங்க அம்மாவுக்கு இருந்த வியாதிதாங்க, தலைவரே. கை ஆடுது, கோடு ஆடுது. அதுக்கு மலை என்னா செய்யும்? நான் இன்னொரு தரம் ஆட்ட விட்டுட்டு வர மாட்டேன்."

இரண்டு மூன்று பேர் வாசலை நோக்கி நகர்ந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயத்தைவிடக் கோபம் எனக்கு எப்போதும் சுலபம்.

"இருங்க. யாரும் போகாதீங்க. உங்க கண்ணு முன்னுக்கே எழுதுறேன். கோடு சுவர்ல பொருந்தலன்னா நான் வியாதிக்காரி, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. பொருந்துச்சுன்னா நான் சொல்றத கேக்கணும்."

தாளைப் பலகையில் குத்தினேன். சுவரைப் பார்த்து நின்றேன். மேடம் செய்வதுபோல ஒரு முறை மூச்சை முழுக்க வெளியே விட்டேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் மட்டும்தான். தூரிகை ஜன்னல் மூலையில் தொடங்கி இறங்கியது, முழங்கையில் மடிந்தது, கீழ்நுனிக்கு வந்து நின்றது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கோடு நான் போட்டதில்லை. ஹுவாய்சுவே குடித்துவிட்டு வந்து நின்றிருந்தாலும் கை தட்டியிருப்பார்.

ஞானசீலன் தாளை எடுத்துச் சுவரில் வைத்தார். மேலே பொருந்தியது. முழங்கை பொருந்தியது. ஜொனி கிட்டே வந்து குனிந்து, கோடு முடிகிற இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க பொருந்தலையே" என்றார்.

என் கோடு முடிந்த இடத்துக்குக் கீழே, தாளைத் தாண்டி, சுவரில் இன்னும் ஒரு சாண் வெடிப்பு இருந்தது. நான் எழுதும்போது அது அங்கே இல்லை. நான் பார்த்து எழுதுகிறவள், எனக்குத் தெரியும். ஜொனியின் விரல்மேல் சுண்ணாம்புத் தூள் மெதுவாகக் கொட்டியது. அவர் விரலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, பிள்ளைகளைத் தூக்கச் சொல்லிக் கத்தினார்.

எல்லாரும் மேல் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற, அரை மணி நேரத்தில் லயம் காலியானது. ஞானசீலன் கடைசிவரை நின்று ஒவ்வொரு காம்பராவாகப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஒரு சொப்பிங் பையில் தாள்களையும் தூரிகையையும் மைப்போத்தலையும் போட்டுக்கொண்டேன். அரிசியை விட்டுவிட்டு இதையா தூக்கி வருகிறாய் என்று வழியெல்லாம் திட்டினார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மலை வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தோம். பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். லொறியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம் மாதிரி கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு பணிய லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது. அறுபத்தெட்டுப் பேரும் இந்தப் பக்கம் இருந்தோம். நிஷாலினி என் கையை விடவே இல்லை. ஜொனி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

இங்கே வந்து இன்று நாலாம் நாள். மழை இன்னும் விடவில்லை. ஹல்துமுல்லைக்குப் போகிற ரோட்டில் இரண்டு இடத்தில் மண் விழுந்து கிடக்கிறது. ரோட்டில் போக வழியில்லை, திரும்பிப் போக லயமில்லை. எல்லாரும் பள்ளிக்கூடத்தின் இந்த ஒரே மண்டபத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கிறோம்.

கரும்பலகைக்குப் பக்கத்தில், மலைப்பக்கத்துச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. பழைய வெடிப்பு, போன தடவையும் இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். முந்தாநாள் அதைப் பார்த்து எழுதினேன், அச்சாகப் பொருந்தியது. பார்த்தவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைகள்கூட அன்று ராத்திரி நன்றாகத் தூங்கின.

இன்று காலை மறுபடி எழுதினேன். எல்லாரும் பார்ப்பார்கள் என்று தாளைச் சுவருக்குக் கொண்டுபோகவில்லை. முந்தாநாள் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் ஒரு நெல் அகலம் விலகியிருந்தது.

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து ஞானசீலன் கேட்டார்.

"என்னா அகஸ்டி, சரியா இருக்கா?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நாலு நாளாக நானும் தூங்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கை களைத்திருக்கலாம். அம்மாவின் வியாதி உண்மையிலேயே வந்திருக்கலாம். சுவருக்குப் போகாமல் அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வழிதான் தெரியும்.

கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு, முந்தாநாள் தாளை மேசையில் விரித்து அதன் மேல் புதுத் தாளை வைத்தேன். கீழே இருக்கிற கோடு தெளிவாகத் தெரிந்தது. நடுங்காமல் அதன் மேலேயே ஓடினால் என் கைக்கு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் நகர்வது இந்தச் சுவர், இந்த அறுபத்தெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு ஓட எனக்கு இடம் இல்லை.

தூரிகையை மையில் தோய்த்தேன். நெற்றியில் தொடங்கிச் சிலுவை அடையாளம் போட்டேன், கை நேராகத்தான் போனது. ஆண்டவரே, நடுங்கட்டும். என் கை நடுங்கட்டும்.